சிவப்புக் கொடிக்குக் கீழே எழுதாமல் விட்டது

வலைப்பதிவு தொடங்கச் சொன்னது அஸீமாதான். எழுவான்கரைத் துறையடியில் நான் தைக்கிற கடைக்குப் பக்கத்தில் அவள் போட்டோகொப்பிக் கடையில் நிற்கிறாள். மழையில் நனைந்த என் கொப்பியில் ஒரு பக்கம் ஊறிப்போகத் தொடங்கியிருந்தது. எழுத்து அழிவதற்குள் பிரதி எடுக்கலாம் என்று கொண்டுபோனேன். அதுவரை என் கொப்பிகளை யாரும் பார்த்ததில்லை. வீட்டில் நெல் மூட்டைகளுக்குப் பின்னால் ஒன்பது கொப்பி இருந்தன.

அவள் அந்தப் பக்கத்தை இயந்திரத்தில் வைக்காமல் நின்று வாசித்தாள். பிறகு சிரித்தாள்.

"என்னகா இது? 'செவ்வாய், காலைப் பாதை. ஒரு குளிர்சாதனப் பெட்டி, இரண்டு தாரா, ஒரு மாப்பிள்ளை.' மாப்பிள்ளையையும் சாமானோட சேத்திரிக்காய்!"

"அவரைக் கூட்டித்தானே வந்தாங்க. தானா வந்த மாதிரித் தெரியல்ல."

அவள் இன்னும் சிரித்தாள். நான் கொப்பியைப் பறித்தேன்.

பாதை என்று நாங்கள் சொல்வது வாவியைக் கடக்கிற மிதவையை. பலகைத் தளம், பக்கத்தில் இயந்திரம் பூட்டிய வள்ளம், இரண்டு முனையிலும் சங்கிலி. அக்கரையில், படுவான்கரையில் இருக்கிற எனக்கு வேலைக்குப் போக அதை விட்டால் பாலத்தைச் சுற்றி இருபத்தாறு கிலோமீற்றர். தினமும் இரண்டு தரம் அதில் ஏறுகிறேன். ஏறுகிறவர்கள் என்ன கொண்டுவருகிறார்கள் என்று பார்த்து எழுதுவது என் பொழுதுபோக்கு. என் பயணமும் அவ்வளவுதான். சித்தாண்டித் திருவிழா, வெல்லாவெளியில் மாமி வீடு, ஒருமுறை பனிச்சங்கேணிப் பாலம்.

"பேர் போடாம எழுது," என்றாள் அஸீமா. "இலவசந்தான். ஆருக்கும் தெரியாது." அவள் எடுத்துத் தந்த அமைப்பில் மேலே இரண்டு பெட்டி இருந்தன: பயணம், பொழுதுபோக்கு. எனக்கு இரண்டும் ஒன்றாக இருந்ததால் எதில் போடுவது என்று முதல் நாள் முழுக்கக் குழம்பினேன்.

பத்துப் பதினொரு பேர் வாசித்தார்கள். அந்தத் தாரா வாத்துக் கதைக்கு யாரோ ஒருவர் கட்டாரிலிருந்து, "இதை வாசிக்கும்போது வாவிக் காற்று அடித்தது" என்று எழுதியிருந்தார். அன்று நான் ஒரு சட்டைக்குக் கையை மாற்றித் தைத்துவிட்டேன்.

பிறகு அழகரத்தினம் மாமாவைப் பற்றி எழுதினேன்.

அவர் பாதை ஓட்டுகிறவர். எனக்குச் சொந்தமில்லை. ஊரில் எல்லாருக்கும் அவர் மாமாதான். வெள்ளம் ஏறினாலோ காற்று கடுமையானாலோ துறையில் சிவப்புக் கொடி ஏற வேண்டும், கொடி ஏறினால் பாதை ஓடக்கூடாது. அது சட்டம். பதினோராம் வகுப்புச் சாதாரண தரச் சோதினை நடந்த ஒரு காலையில் கொடி ஏறியிருந்தது. நான்கு பிள்ளைகள் அனுமதி அட்டையைப் பொலித்தீனில் சுற்றி வைத்துக்கொண்டு கரையில் நின்றார்கள். அவர் அவர்களை ஏற்றிக்கொண்டு போனார். நானும் அந்தப் பாதையில் இருந்தேன். நடுவாவியில் தளம் சரிந்து, ஒரு சைக்கிள் தண்ணீருக்குள் போனது. பிள்ளைகள் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

அந்தப் பதிவில் எனக்குப் பிடித்த வரி இது: "சிவப்புக் கொடி ஏறியிருந்தது. மாமா அதை ஒருமுறை பார்த்தார். பிள்ளைகளை ஒருமுறை பார்த்தார். சங்கிலியைக் கழற்றினார்."

நாலாயிரம் பேர் வாசித்தார்கள். முகநூலில் யார் யாரோ பகிர்ந்தார்கள். "இவரல்லவா மனிதன்" என்றார்கள். மூன்றாம் நாள், "சைக்கிள் போன இடத்தில் ஒரு பிள்ளை போயிருந்தால்?" என்று ஒருவர் கேட்டார். அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லாரும் அதையே கேட்டார்கள்.

ஆனால் அந்தப் பதிவில் நான் எழுதாத ஒன்று இருந்தது.

ஆறு வருடத்துக்கு முதல் என் சோதினை. கணிதப் பாடத்தன்று வீதியில் வெள்ளம் நின்றது. மற்றப் பிள்ளைகள் முதல் பாதையில் போய்விட்டார்கள். நான் துறைக்கு வந்தபோது கொடி ஏறிவிட்டது. மாமா சங்கிலியைப் பூட்டிக்கொண்டே, "இண்டைக்கு இனி ஓடாது, எல்லாரும் வீட்ட போங்க" என்றார். நான் மருதமரத்துக்குக் கீழே நின்றேன். "எனக்குச் சோதினை" என்று சொல்ல வேண்டியதுதான். ஆட்கள் நின்றார்கள், எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். நான் சொல்லவில்லை. வீட்டுக்குப் போய் உடுப்பு மாற்றினேன். அடுத்த பாடத்துக்கும் போகவில்லை. பள்ளிக்கூடம் அத்தோடு முடிந்தது.

இரண்டு மாதம் கழித்துப் பாதையில் அவர், "சோதினை எப்பிடிப் புள்ள?" என்று கேட்டபோதுதான் சொன்னேன், "அண்டைக்கு வந்து நிண்டன் மாமா. மரத்துக்குக் கீழ." கரை சேர்ந்ததும் அவர் சங்கிலியைப் போட்டுவிட்டு, "வாயத் துறந்து ஒரு சொல்..." என்றார். அதற்குப் பிறகு சோதினை நாட்களில் அவர் விடிய வந்து, மரத்தடிவரை நடந்து, யாரும் ஒதுங்கி நிற்கிறார்களா என்று பார்ப்பார்.

இதை எழுதினால் நான் பதிவுக்குள் வந்துவிடுவேன். படிப்பை விட்டவள் என்று தெரிந்துவிடும். அதனால் விட்டுவிட்டேன். அவர் செய்தது மட்டும் இருந்தது, ஏன் செய்தார் என்பது இல்லை.

பாதையை நடத்துகிற அலுவலகத்தில் விசாரணை வைத்தார்கள். எழுதியவர் வரலாம் என்று சொன்னதாக அஸீமா கேள்விப்பட்டு வந்தாள். "நான் கூட வாறன். போய் உண்டான கதையச் சொல்லு" என்றாள். போனோம். அவளை வெளியே வாங்குப் பலகையில் இருக்கச் சொல்லிவிட்டார்கள்.

அதிகாரி மரியாதையானவர். "நல்லா எழுதுறீங்க தங்கச்சி" என்றார். மேசையில் என் பதிவு அச்செடுக்கப்பட்டு இருந்தது. ஒரு வரியில் மட்டும் மஞ்சள் பூசியிருந்தார்கள். எனக்குப் பிடித்த அதே வரி.

"இது நடந்ததா?"

"ஓம்."

"கொடி ஏத்தி இருந்ததா?"

"ஓம்."

"வேற ஏதும் சொல்ல இரிக்கா?"

சுவரோரம் மாமா நின்றார். அயன் பண்ணிய சேட்டுப் போட்டிருந்தார், முதல் தடவையாக அப்படிப் பார்க்கிறேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. அறையில் ஐந்தாறு பேர் இருந்தார்கள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"இல்ல," என்றேன்.

வெளியே வந்ததும் அஸீமா, "சொன்னியா?" என்று கேட்டாள். அன்றே பதிவை அழித்தேன். அச்செடுத்த தாள் அவர்களிடம்தான் இருந்தது.

அடுத்த கிழமை மாமாவை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

நான்கு மாதம் கழித்து மாமி வீட்டுக்குப் போகும் வழியில் அவரைக் கண்டேன். யாருடையதோ வயல் வட்டையில் காவலுக்கு இருந்தார். வரம்பில் நின்றபடி கையைத் தூக்கினார்.

"என்ன எழுத்தாளர், இண்டைக்கு எத்தின தாரா?"

நான் அழுதுவிட்டேன்.

"அட, விடு புள்ள. நீ பொய் ஒண்டும் எழுதல்லயே. மறுகா என்னத்துக்கு அழுறாய்?" கொஞ்ச நேரம் குருவிகளை விரட்டினார். பிறகு, என்னைப் பாராமல், "நான் கொடியப் பாத்ததை எழுதினாய். மரத்தடியப் பாத்ததை எழுதல்லயே" என்றார்.

இந்த வருடச் சோதினை தொடங்கிய கிழமையும் மழை. இரண்டாம் நாள் நான் துறைக்கு வந்தபோது கொடி ஏறி, சங்கிலி பூட்டி இருந்தது. புதிதாக வந்த உதயரூபன் இயந்திரத்தைப் படங்கு போட்டு மூடிக்கொண்டிருந்தான். மருதமரத்துக்குக் கீழே ஒரு பிள்ளை நின்றாள். வெள்ளைச் சீருடை, கையில் பொலித்தீன் பை.

கிட்டப் போனேன். "சோதினையா?"

தலையாட்டினாள்.

"அவனுக்குச் சொன்னியா?"

இல்லை என்று தலையாட்டினாள். பெயர் பிரஷாந்தி என்று மூன்றாம் தடவை கேட்டபோதுதான் சொன்னாள்.

நான் திரும்பி, "தம்பி! இந்தப் புள்ளைக்குச் சோதினை!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே பிடிபடவில்லை. கரையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பினார்கள்.

உதயரூபன் நிமிர்ந்தான். "நீங்கதானே அந்தப் புளொக் அக்கா? அவரை எழுதி வீட்ட அனுப்பினீங்க. இப்ப என்னையும் எழுதவா?"

சிலர் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. "எனக்கும் ரெண்டு புள்ள இரிக்கி அக்கா," என்றான்.

பிரஷாந்தியைக் கையில் பிடித்து வீதிக்கு ஓடி ஓர் ஓட்டோவை மறித்தேன். பாலத்தைச் சுற்றிப் போனோம். வழி முழுக்க அவள் ஒரே கேள்வியைக் கேட்டாள்: "நேரத்துக்குப் போவமா அக்கா?" நான் ஒவ்வொரு தடவையும் "போயிருவம்" என்றேன். மணியைப் பார்த்துக்கொண்டே பொய் சொன்னேன்.

சோதினை தொடங்கி இருபத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது. வாசலில் பொறுப்பாசிரியர் ஏன் பிந்தியது என்று கேட்டார். பிரஷாந்தி நிலத்தைப் பார்த்தாள். நான் சொல்லத் தொடங்கினேன். வெள்ளம், கொடி, சங்கிலி என்று தொடங்கி மரத்தடியில் நின்ற இன்னொரு பிள்ளையையும் சொன்னேன், அவளுக்காக ஒவ்வொரு வருடமும் மரத்தடிவரை நடந்த மனிதரையும் சொன்னேன். நிறுத்தத் தெரியவில்லை.

"தங்கச்சி," என்றார் அவர், "புள்ள எப்பவோ உள்ள போயிற்று."

அதிகாரியின் மேசைக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டிய அத்தனையையும், சம்பந்தமே இல்லாத ஒருவரிடம் சொல்லி முடித்திருந்தேன்.

அன்று பின்னேரம் அஸீமாவின் கடைக்குப் போய், கொப்பியில் இருந்ததைப் பார்த்து, பழைய பதிவை மறுபடி போட்டேன். மஞ்சள் பூசிய வரிக்குக் கீழே, ஆறு வருடத்துக்கு முந்திய காலையை எழுதினேன். கடைசியில் வதனி என்று என் பெயரைப் போட்டேன். அந்த அலுவலகத்துக்கும் ஒரு பிரதி அனுப்பினேன்.

இரண்டு கிழமையாகிறது. பதில் இல்லை. பதிவை இதுவரை மூன்று பேர் பார்த்திருப்பதாகக் காட்டுகிறது. ஒருத்தி அஸீமா. மற்ற இரண்டு தடவையும் நான்தான்.