மூச்சு விடுகிற இடம்

விடிவதற்குள்ளேயே சலவைக்கூடத்தில் ஆவி முட்டிக்கொண்டு நின்றது. ஆஸ்பத்திரிகளும் விடுதிகளும் அழுக்காக்கிய படுக்கை விரிப்புகள் எல்லாம் அங்கேதான் வெளுக்க வந்தன. ஈரம் சொட்டும் விரிப்பை இந்த முனையில் ஒருத்தி, அந்த முனையில் ஒருத்தி பிடித்து, கொதிக்கும் இரண்டு இரும்பு உருளைகளின் இடுக்கில் விளிம்பைக் கொடுக்க வேண்டும். உருளை கவ்வியதும் கையை எடுத்துவிட வேண்டும். கொஞ்சம் அசந்தால் துணியோடு விரலும் இஸ்திரியாகிவிடும்.

அந்த நொடியைப் பாட்டுதான் பார்த்துக்கொண்டிருந்தது.

"விரிச்சுப் புடி, விளிம்பக் குடு, விட்டுடு கைய" என்று முதல் உருளையில் நிற்கும் வெண்கலம் எடுத்துக் கொடுப்பாள். குரலுக்காக வந்த பட்டப்பெயர் அது. வரி முடிந்ததும் ஒரு மூச்சு. அந்த மூச்சில் எல்லார் கையும் துணியை விட்டு விலகியிருக்கும். திட்டம் போட்டுச் செய்ததில்லை. ஆளுக்கொரு திசையிலிருந்து பிழைக்க வந்து, பக்கத்தில் நிற்பவள் முகத்தைக்கூடப் பார்க்காமல் வேலை செய்த நாற்பது பெண்கள், ஆளுக்கொரு வரி கட்டிப் பாடிப் பாடியே ஒரு கூட்டமாகியிருந்தார்கள். மேஸ்திரியின் தொப்பைக்கு மட்டும் நாலு வரி இருந்தது.

மடிப்பு மேஜைக்காரியை மட்டும் வெண்கலம் பாட விடுவதில்லை. "உன் தொண்டைக்குச் சுருதி ஆகாதுடி, நீ வாய மட்டும் அசை" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள். அவளும் பாவம், வாயை மட்டும் அசைத்துக்கொண்டு துணி மடித்தாள்.

முதல் உருளையின் அந்த முனையில் நிற்பவள் வெண்கலத்தின் நாத்தனார். வீட்டில் இருவரும் எலியும் பூனையும்தான். உப்பு டப்பாவை இடம் மாற்றி வைத்ததற்கு ஒரு வாரம் பேசாமல் இருந்தவர்கள். விரிப்பைப் பிடித்துவிட்டால் மட்டும் இருவருக்கும் ஒரே மூச்சு.

முதலாளி ஒருநாள் வாசலில் நின்று பாட்டைக் கேட்டார். மறுநாள் தன் அறைக்குக் கூப்பிட்டு மைக்கை நீட்டினார். "இந்தக் குரல் வீணாப் போகக் கூடாதும்மா. பதிவு பண்ணி ஒலிபெருக்கியில போட்டுட்டா, நீங்களும் தொண்டை வத்தப் பாட வேண்டியதில்ல பாருங்க." வெண்கலத்துக்குத் தலைகால் புரியவில்லை. முதலாளி தனக்கு நாற்காலி போட்டதைப் பத்துத் தடவையாவது நாத்தனாரிடம் சொல்லியிருப்பாள்.

ஒலிபெருக்கியில் முதல் வாரம் பாட்டு ஒழுங்காகத்தான் ஓடியது. இரண்டாவது வாரம் பாட்டு கொஞ்சம் விரைந்தது. உருளையும் விரைந்தது.

"அண்ணி, உங்க குரல் ஏன் கீச்சுனு கேக்குது?"

"மிஷின்ல அப்படித்தான் கேக்கும். வேலையப் பாரு" என்று வெண்கலம் அவள் வாயை அடைத்தாள். ஆனால் மனம் ஒரு இடத்தில் நிற்கவில்லை. சாப்பிடும்போதும் தட்டின் ஓரத்தில் விரல் தானாகத் தாளம் போட்டது. அந்தத் தாளம் அவளுடையதாக இல்லை.

மூன்றாவது வாரம் மூச்சு காணாமல் போனது. ஒரு வரி முடியும் முன்பே அடுத்த வரி வந்து இடித்தது. அந்த வாரத்தின் இரண்டாம் நாளே நாத்தனாரின் வலது கையில் இரண்டு விரல்கள் உருளைக்குள் போயின.

அன்று மத்தியானமே வெண்கலம் முதலாளி முன்னால் போய் நின்றாள். உட்காரச் சொல்ல ஆளில்லை.

"மூச்ச வெட்டிட்டீங்களே முதலாளி. அந்த எடத்துலதானே நாங்க கைய எடுப்போம்."

"மூச்சு விடுறதுக்கெல்லாம் கூலி குடுக்க முடியுமாம்மா?"

"இடுக்குல ஒரு தடுப்பாவது போடுங்க. அவ கை ஆறி வர்ற வரைக்கும் அந்த எடத்துக்கு வேற ஆளு எடுக்காதீங்க."

"இஷ்டமில்லாதவங்க போகலாம். நீங்க போனாலும் குரல் எங்கிட்டத்தான் இருக்கும்."

வீட்டில் நாத்தனார் கட்டுப்போட்ட கையைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெண்கலத்தால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "ரெண்டாவது வாரமே எனக்குத் தெரியும்டி. நாற்காலி போட்டாங்கன்னு வாய மூடிட்டு இருந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு அழுதாள்.

"அழுது என்ன ஆகப்போகுது அண்ணி? நாளைக்கு அங்க இன்னொருத்தி நிப்பா. அவளுக்கும் பத்து வெரல்தான்."

மறுநாள் வேலை முடிந்ததும் யாரும் பஸ் நிறுத்தத்துக்கு ஓடவில்லை. கூடத்தின் பின்பக்கம், காலி வண்டிகளுக்கு நடுவே நின்று பழைய வேகத்தில், பழைய மூச்சோடு பாடிப் பார்த்தார்கள். ஒலிபெருக்கி என்ன கத்தினாலும் நம் பாட்டுக்குத்தான் கை போகும், தடுப்பு வரும்வரை இப்படித்தான், நாத்தனார் இடத்தில் தங்களுக்குள்ளேயே மாறி மாறி நிற்க வேண்டும், புது ஆளை நிற்க விடக்கூடாது என்று முடிவானது. கொதிகலனையும் உருளைகளையும் ஓட்டும் கொதிகலன்காரரும் வந்து நின்றுகொண்டு, "உருளையோட வேகத்த நான் கொறச்சுடுறேன், பாட்டு உங்க பொறுப்பு" என்றார்.

விடிந்தது. ஒலிபெருக்கி அலறத் தொடங்கியது; உருளை மட்டும் சொன்னபடி மெதுவாகச் சுற்றியது. வெண்கலம் பாட்டை எடுத்தாள். முதல் வரி சரியாக வந்தது. இரண்டாவதில் மேலே ஒலிபெருக்கியிலிருந்து வந்த அவள் குரலே அவளை இழுத்தது. அதே குரல், அதே சுருதி. எவ்வளவு முட்டிப் பார்த்தும் அதன் பின்னாலேயே ஓடினாள். மற்றவர்களும் அவள் பின்னால் ஓடினார்கள். எதிர்முனையில் நின்றவளின் விரல் உருளைக்கு அருகில் போவதைப் பார்த்ததும் வெண்கலம் பாதி வரியிலேயே வாயை மூடிக்கொண்டாள். பாட்டு நின்றுபோனது.

அப்போது மடிப்பு மேஜையிலிருந்து ஒரு குரல் கிளம்பியது. தகரத்தைத் தரையில் இழுத்தது போன்ற குரல். எந்தச் சுருதியிலும் சேராதது; அதனாலேயே ஒலிபெருக்கியோடும் அது சேரவில்லை. "விரிச்சுப் புடி" என்று நிதானமாக இழுத்து, வரி முடிந்த இடத்தில் உள்ளங்கையால் மேஜையில் ஒரு தட்டுத் தட்டி நிறுத்தினாள். அந்த நிறுத்தத்தில் எல்லார் கையும் விலகியது. மூன்றாவது வரியில் எல்லாரும் அவள் பாட்டைப் பிடித்துக்கொண்டார்கள். வெண்கலமும்தான்.

மேஸ்திரி ஒலியைக் கூட்டிப் பார்த்தார். பிறகு முதலாளியே வந்தார். தான் பேசுவது கேட்க வேண்டுமே என்று ஒலிபெருக்கியை அவரே நிறுத்தினார்.

"யாரு இத ஆரம்பிச்சது?"

வெண்கலம் முன்னால் வந்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் மடிப்பு மேஜைக்காரி பக்கத்தில் வந்து நின்றாள். பின்னால் செருப்புகள் தேயும் சத்தம் கேட்டது. எல்லாரும் வந்து நின்றார்கள்.

"குரல நீங்களே வச்சுக்கங்க முதலாளி. மூச்சு எங்கிட்ட இருக்கு" என்றாள் வெண்கலம்.

"நாளைக்கு இந்தக் கதவு யாரு யாருக்குத் திறக்குதுன்னு பாத்துக்கலாம்." முதலாளி திரும்பிப் போனார். நாளை என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது.

அவரவர் உருளைக்குத் திரும்பினார்கள். ஈர விரிப்பை விரித்துப் பிடித்துக்கொண்டு எல்லாரும் வழக்கம்போல் வெண்கலத்தைப் பார்த்தார்கள். அவள் மடிப்பு மேஜையைப் பார்த்தாள்.

"நீ எடுடி" என்றாள்.

அத்தனை பேரும் ஒன்றாக மூச்சை இழுத்த சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது.