பின்பக்கத்துக்கு இரண்டு மூட்டை அரிசி

நவம்பர் பிறந்தால் போதும், என் கணவர் தெய்ஜி அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காருக்குப் பனிக்கால டயர் மாட்டி, டிக்கியில் இரண்டு மூட்டை அரிசி ஏற்றிவிடுவார். பின்சக்கரத்தால் ஓடும் வண்டி அது. பின்பக்கம் கனம் இல்லாவிட்டால், ஜப்பானில் பனி கொட்டும் எங்கள் ஊரான தோகாமாச்சியின் மேட்டில் சக்கரம் சுற்றும், வண்டி நகராது. வேறு கார் வாங்கச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

"இறுக்கிக் கட்டுங்க. எங்கப்பா இருந்தா எடுத்துட்டுப் போயிடுவாரு," என்றேன்.

"முப்பத்தஞ்சு வருஷமா இதையே சொல்றே!"

அன்று என்னைப் பெண் கேட்க இதே காரில்தான் வந்தார். டிக்கியில் மூட்டைகளைப் பார்த்த அப்பா, "அடடா, எதுக்குத் தம்பி இதெல்லாம்?" என்று தானே இறக்கி உள்ளே வைத்துவிட்டார். கனத்துக்காகக் கொண்டுவந்தது என்று சொல்ல இவருக்கு வாய் வரவில்லை. கிளம்பும்போது பனி கொட்டியது. கார் மேடு ஏறவே இல்லை. மூன்று நாள் எங்கள் வீட்டிலேயே தங்கினார். அப்பாவோடு கூரைப் பனியைத் தள்ளினார், சாக்கே என்ற அரிசி மது குடித்தார். நான்காம் நாள் அப்பா சம்மதம் சொன்னார்.

"பாவம் மனுஷன், பரிசுன்னு நெனச்சுட்டாரு," என்றார் தெய்ஜி, கயிற்றை இழுத்தபடி.

"ஏங்க, அப்பாவோட குட்டி லாரி ஞாபகம் இருக்கா? பனிக்காலத்துல அதுக்குப் பின்னால என்ன வச்சிருப்பாரு?"

கயிறு அவர் கையில் அப்படியே நின்றது.

"ரெண்டு மூட்டை அரிசி," என்றார்.