தீர்ப்பு பிறந்த தேதி

ஏழு ஆண்டு சிறைத் தண்டனை விழுந்தது முன்னாள் அமைச்சர் ஜம்புநாதனுக்கு. பட்டினி கிடந்தது மணப்பாறைப் பக்கத்துக் கட்சிக் கிளைச் செயலாளர் சௌந்தரராஜன். வெள்ளிக்கிழமை மதியம் டிவியில் செய்தி ஓடியதிலிருந்து அவர் சோற்றைத் தொடவில்லை. இருபத்தெட்டு வருஷம் அந்த மனிதருக்காகச் சுவரில் எழுதியவர். நம்பிக்கைக்கும் அளவு வேண்டும் என்று அவரிடம் சொல்லக்கூடிய ஆள் அந்த வீட்டில் கிடையாது.

ஊழல் வழக்கைத் தமிழ்நாட்டில் நடத்தினால் சரிவராது என்று ஹைதராபாத்துக்கு மாற்றியிருந்தார்கள். மகள் சுபாஸ்ரீயும் அதே ஊரில், மாதாப்பூரில், சாப்ட்வேர் டெஸ்டர். கோர்ட்டும் அவள் ஆபீசும் ஒரே காம்பவுண்டு என்பதுபோல அப்பா நாலு வருஷமாக விசாரித்துக்கொண்டிருந்தார். "அங்க என்ன பேசிக்கிறாங்க பாப்பா?"

சனிக்கிழமை காலை அம்மா கமலா போனில் அழுதாள். "சுகர் மாத்திரையும் போட மாட்டேங்கிறார்டி. நீ ஏதாவது சொல்லேன்."

என்ன சொல்வது? சுபாஸ்ரீ கோர்ட்டின் இணையதளத்துக்குப் போனாள். நானூற்றுச் சொச்சம் பக்கத் தீர்ப்பை வேர்ட் ஃபைலாகவே ஏற்றியிருந்தார்கள். பிழை தேடியே சம்பளம் வாங்குகிற கை சும்மா இருக்குமா? ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை. நேராக ஃபைலின் ஜாதகத்தைத் திறந்தாள். எழுதியவர்: ஆக்னஸ். உருவாக்கிய தேதி: பிப்ரவரி 11, 2013. இருதரப்பு வாதமும் முடிந்ததே மார்ச் நாலாம் தேதிதான்.

வாதம் முடியும் முன்பே தீர்ப்பு பிறந்துவிட்டது! அதைப் படம் பிடித்து, ஃபேஸ்புக்கில் 'ஜம்புநாதன் அண்ணன் படை' பக்கத்தில் ஒரு புனைபெயரில் போட்டாள்.

சாயங்காலத்துக்குள் நாலாயிரம் பேர் பகிர்ந்தார்கள். தீர்ப்பை எழுதியது டெல்லி வக்கீல் ஆபீஸ் என்றார் ஒருவர். ஆக்னஸ் என்ற பேரைப் பாருங்கள், வெளிநாட்டுப் பணம் என்றார் இன்னொருவர். பதினொன்றையும் இரண்டையும் கூட்டினால் யார் ராசி எண் வருகிறது என்று மூன்றாமவர் கண்டுபிடித்தார். அம்மா மறுபடி கூப்பிட்டாள். "ரெண்டு தோசை சாப்பிட்டார். மூணாவது கேட்டு வாங்கினார்!" அதைக் கேட்டு சுபாஸ்ரீக்குக் கண் கலங்கியது. ஞாயிறு முழுக்க அவள் உட்காரவில்லை, படுக்கவில்லை. நிமிஷத்துக்கொரு தரம் எண்ணிக்கை ஏறியிருக்கிறதா என்று பார்த்தாள்.

திங்கள் மதியம், பக்கத்து சீட்டு ஸ்டெல்லா டிபன் பாக்ஸைத் திறக்கவேயில்லை. லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்த, பேச்சில் ஹைதராபாத் உருது கலக்கும் தமிழ்ப்பெண் அவள்.

"அம்மாவுக்கு ரெண்டு நாளா போன் மேல போன், சுபா. மதுரையிலேர்ந்து, சேலத்துலேர்ந்து. வாய்க்கு வந்தபடி திட்றாங்க. காலையில கேட்ல சாணி அடிச்சிருக்கு. யாரோ அட்ரஸையும் போட்டுட்டாங்களாம்."

"உங்கம்மாவையா? எதுக்கு?"

"கோர்ட்ல டைப்பிஸ்ட்தானே. தமிழ் தெரியும்னு இந்தக் கேஸ்ல போட்டாங்க. ஆக்னஸ்னு பேரு."

சுபாஸ்ரீ எடுத்த கவளத்தை டிபன் பாக்ஸிலேயே போட்டாள். "அந்த பிப்ரவரி தேதி...?"

"ஹவ், ஆமா, கேஸ் நம்பர், பேருங்க, சாட்சி லிஸ்ட் எல்லாம் முன்னாலயே ஒரு ஃபைல்ல அடிச்சு வச்சுக்குவாங்க. ஜட்ஜ் சொல்லச் சொல்ல அதுலயே மீதியை அடிப்பாங்க. எல்லா கேஸுக்கும் அதே கதைதான். நம்ம ரிப்போர்ட் அப்படித்தானே பண்றோம்?"

சுபாஸ்ரீ தன் போன வார ரிப்போர்ட்டின் ஜாதகத்தைப் பார்த்தாள். உருவாக்கிய தேதி, ஆகஸ்ட் 2010. வாராவாரம் பழையதைத் திறந்து, தேதியை மாற்றி, வேறு பெயரில் சேமிப்பது அவள் வழக்கம். அவள் கணக்குப்படி, போன வாரப் பிழைகள் எல்லாம் மூன்று வருஷத்துக்கு முன்பே சதி செய்து வைக்கப்பட்டவை.

"ஸ்டெல்லா, அதைப் போட்டது நான்தான்."

ஸ்டெல்லா அவளையே பார்த்தாள். "கைக்கு சுபா, ஏன்? எங்கம்மா உனக்கு என்ன பண்ணாங்க?"

அப்பா சாப்பிடவில்லை என்று சொல்ல வாயெடுத்த சுபாஸ்ரீ, வெட்கப்பட்டு மூடிக்கொண்டாள்.

பதிவை நீக்கினாள். தன் சொந்தப் பெயரில், தப்பு தன்னுடையது, அந்த அம்மாவை விட்டுவிடுங்கள் என்று விளக்கம் எழுதினாள். பத்தே நிமிஷத்தில் பதில்கள் வந்தன. "எவ்வளவு வாங்கினே?" "ஆளைத் தூக்கிட்டாங்க, பதிவைக் காப்பாத்துங்க!" பழைய பதிவின் நகல் நூறு பக்கங்களில் ஓடியது. கொட்டிய எண்ணெயை அள்ள முடியுமா?

அதன் பிறகுதான், வேலையைப் போட்டுவிட்டு, தீர்ப்பைப் படித்தாள். நூற்று எண்பத்தேழாம் பக்கத்தில் அவள் ஊர் வந்தது. பிரசவ வார்டுக்கு அறுபது கட்டில் என்று பில். வந்து சேர்ந்தது பதினொன்று. கீழே ஜம்புநாதனின் கையெழுத்து. அந்த வார்டின் திறப்பு விழாவுக்குப் போஸ்டர் ஒட்டியது அப்பா.

மாடிப்படிக்குப் போய் அப்பாவைக் கூப்பிட்டாள். முதல் மணியிலேயே எடுத்தார்.

"பார்த்தேன் பாப்பா. யாரு மிரட்டினது?"

"யாரும் மிரட்டலைப்பா. நான்தான் தப்பாப் பார்த்துட்டேன். அந்தம்மா என் ஃப்ரெண்டோட அம்மா."

"ஓ. அப்படி வளைச்சிட்டாங்களா."

"தீர்ப்பைப் படிச்சேன்பா. நம்ம ஊர் ஆஸ்பத்திரியிலயே தின்னிருக்கார். கட்டில் பணத்துல. அவர் வாங்கினது நிஜம்பா."

மறுமுனையில் அப்பா டிவியை அணைப்பது கேட்டது. காதில் ஏறிவிட்டது என்று நம்பினாள். பயமாக இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது.

"பாப்பா," அப்பாவின் குரல் தழுதழுத்தது. "அப்பன்கிட்ட இப்படிப் பேசுற பிள்ளையா நீ? எழுதிக் குடுத்து வாசிக்கச் சொல்றாங்கன்னு எனக்குப் புரியுது. பக்கத்துல ஆள் இருந்தா ஒண்ணும் சொல்லாதே. ஒரு தடவை இருமு, போதும். இப்பவே கிளம்பி வந்துடுறேன்."

அழுகை தொண்டையை அடைத்தது. இருமல் வந்துவிடக் கூடாதே என்று சுபாஸ்ரீ இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.