நளனுக்கு வேர்க்குமா

வரதராஜாவை நான் முதல் நாளிலிருந்தே நம்பவில்லை. சிட்னியில் வென்ட்வேர்த்வில்லில் இருக்கிறாராம், மனைவி இறந்துவிட்டாராம், பிள்ளைகள் இருக்கிறார்களாம், என் தங்கை இரஞ்சிதத்தைக் கட்ட விருப்பமாம். அவளோ ஆளைத் தொலைபேசித் திரையில் மட்டும் பார்த்துவிட்டு, மெல்பேர்னில் டண்டினொங்கில் இருக்கிற வேலையையும் வீட்டையும் விட்டுப் போக ஆயத்தமாகிவிட்டாள்.

அவளுடைய முதல் புருசன் கேதீஸ்வரன், வேலைக்குப் போகிறேன் என்று சொல்லிப் போனவர் திரும்பி வரவேயில்லை. கனடாவில் வேறு குடும்பத்தோடு இருக்கிறார் என்று பிறகு தெரிந்தது. அவள் பட்ட பாட்டைக் கண்ணால் பார்த்தவள் நான். இன்னொரு முறை பார்க்க என்னால் முடியாது.

வீடியோ அழைப்பில் வரதராஜாவை நானும் பார்த்தேன். முகம் வழவழவென்று இருந்தது. கண் இமைத்த மாதிரியே தெரியவில்லை. இப்போதெல்லாம் கணினியில் ஒரு முகத்தைச் செய்து, பேசவும் வைத்து, தனியாக இருக்கிற பெண்களை ஏமாற்றுகிறார்கள்.

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் நளன் கதை சொல்லிக்கொடுப்பவள் நான். தமயந்தியின் சுயம்வரத்துக்கு நான்கு தேவர்கள் நளனைப் போலவே உருவெடுத்து வந்துவிட்டார்கள். ஐந்து நளன்கள்! அவள் கலங்கவில்லை. யாருக்குக் கண் இமைக்கிறது, யாருக்கு வேர்க்கிறது, யாருடைய கால் தரையில் படுகிறது, யாருடைய மாலை வாடுகிறது என்று பார்த்து, அந்த மனுசனுக்கு மாலையிட்டாள். இதைவிட நல்ல சோதனை எந்த அரசாங்கத்திடமும் கிடையாது.

"ஆளை நேரிலை வரச் சொல்லு, பாப்பம்" என்றேன்.

வந்தார். ஜனவரி மாதம், இங்கே நடுக்கோடை, மெல்பேர்ன் கொதித்துக் கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் ஏசியை நிறுத்திவிட்டு, பழுதாகிவிட்டது என்று கூசாமல் சொன்னேன். கதிரையில் இருத்திச் சுடச்சுடத் தேநீரும் கொடுத்தேன். பாதி குடிக்குமுன்னே சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. வியர்வை கண்ணுக்குள் இறங்க, இமைத்தார், இன்னும் இமைத்தார். கொண்டுவந்த ரோஜாக்கள் மேசையிலேயே தலை தொங்கிவிட்டன. காலைப் பார்த்தேன். காலுறையில் பெருவிரல் பக்கம் ஓர் ஓட்டை, விரல் தரையில் நன்றாகவே பட்டிருந்தது.

"யோகராணி அக்கா, கொஞ்சம் தண்ணி கிடைக்குமோ?" என்றார், பாவம்.

எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. இப்படி வேகிற வீட்டில் ஒருவர் முகம் சுளிக்காமல் இருக்கிறார் என்றால், அவருக்கு எங்களிடம் என்ன தேவை? மனைவிக்கு என்ன வருத்தம், எந்த ஆஸ்பத்திரி, பிள்ளைகள் ஏன் கூட வரவில்லை என்று துருவினேன். எல்லாவற்றுக்கும் தடுமாறாமல் பதில் சொன்னார். தடுமாறாததும் எனக்குப் பிடிக்கவில்லை.

இரஞ்சிதம் என் கையைப் பிடித்துக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

"ஏசியைப் போடுங்கோ அக்கா. அந்தாள் செத்துப்போகும்."

"தமயந்தி சோதிச்சுத்தானே ஆளை எடுத்தவ? நீயும் பாத்து எடு எண்டுதான் சொல்லுறன்."

"ஓம், சோதிச்சுத்தான் எடுத்தவ. பிழையும் விடேல்லை, சரியான நளனைத்தான் எடுத்தவ." அவள் குரலை உயர்த்தவில்லை. "பிறகு நடுக்காட்டிலை, நித்திரையா இருந்தவளின்ரை சீலையிலை பாதியை அறுத்துக்கொண்டு, அவளை விட்டிட்டுப் போனது ஆர்? தேவர்களோ? அந்த வேர்த்த ஆள்தானே."

எத்தனை பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன்! சுயம்வரத்தை ஒரு கிழமையும் காட்டை அடுத்த கிழமையும் சொல்வேன். இரண்டையும் சேர்த்து நினைத்ததேயில்லை.

"கேதீசுக்கும் வேர்த்தது அக்கா. எல்லாரும் விசாரிச்சுத்தானே கட்டித் தந்தனீங்கள்."

"நளன் திரும்பி வந்தவன்தானே" என்றேன். யாருக்காகப் பேசுகிறேன் என்று எனக்கே விளங்கவில்லை.

"வந்தவன்தான். அதுக்கு முதலே அவ தனிய நடந்து காட்டைக் கடந்திட்டா." குளிர்சாதனப் பெட்டியிலிருந்து தண்ணீரை எடுத்துக் கிளாசில் ஊற்றினாள். "இவர் விட்டிட்டுப் போகமாட்டார் எண்டு நான் சொல்லேல்லை. போனாலும் போவார். ஆனா காட்டுக்குப் பயம் உங்களுக்குத்தான் அக்கா. நான் அங்கை இருந்து நடந்து வந்தவள்."