மூன்று முக்கோணங்கள்

டாலஸிலிருந்து ஹூஸ்டனுக்கு எங்கள் கம்பெனியில் ஆள் ஓட்டும் லாரி ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. அது வெண்டலுடையது. மற்றவையெல்லாம் தானாக ஓடுபவை. எனக்கு ஊருக்குள் கடைகடையாகச் சரக்கு இறக்குகிற வேலை.

"ஒரு தடவை லேட்டானாலும் உன் சீட்டு கிழிஞ்சுடும்" என்று மேலாளர் பிராடி வெண்டலிடம் சொல்லியிருந்தான். ஒரு நாள்கூட ஸ்டியரிங்கைத் தொடாத பயல்.

அன்று கொட்டுகிற மழை. வெண்டல் கோர்சிகானா ஊரைத் தாண்டிப் போகையில், மேடு ஏறி இறங்குகிற இடத்தில் ஒரு லாரி பாதி ரோட்டை மறித்து நின்றிருக்கிறது. பின்னால் வருகிறவர்களை எச்சரிக்கிற சிவப்பு முக்கோணங்கள் இல்லை. லாரி நின்றால் டிரைவர் முதலில் இறங்கி வைப்பது அதைத்தான். வைக்கவில்லை என்றால் உள்ளே ஆளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தம். சில வருஷம் முன்னால் என் புருஷன் அப்படித்தான் ஸ்டியரிங்கில் சாய்ந்து கிடந்தார். அன்று கதவை உடைத்து அவரை இறக்கியதும் வெண்டல்தான்.

வெண்டல் தன் முக்கோணங்களை எடுத்துப்போய் வைத்துவிட்டு, ஏறிக் கதவைத் தட்டியிருக்கிறார். அப்புறம் எனக்குப் போன் வந்தது.

"டொரீன், உள்ள ஒருத்தனும் இல்லம்மா! நம்ம கம்பெனி வண்டிதான், படுத்துக்கிச்சு."

"அந்தத் தகரத்துக்காகவா நிக்கிற? கிளம்புய்யா, வேலை போயிடும்!"

"மேட்டுக்கு அந்தப் பக்கம் வர்றவனுக்கு இது தெரியாதே. புள்ளகுட்டியோட வருவான்."

ரிப்பேர் வண்டி வரும்வரை டார்ச்சை ஆட்டிக்கொண்டு மழையில் நின்றார். சரக்கு லேட். சீட்டு கிழிந்தது.

அடுத்த வாரம் வாடிக்கையாளர்களைக் கூட்டி வைத்துப் பிராடி படம் காட்டினான். எங்களையும் கைதட்டக் கூப்பிட்டிருந்தான். சாவியை ஒப்படைக்க வந்த வெண்டல் வாசலோரம் நின்றார். திரையில் ரிப்பேர் வண்டிக்காரர்கள் எடுத்த வீடியோ; அதே லாரி, அதே மழை.

"பாருங்க, கோளாறுன்னதும் தானா நின்னுடுச்சு. யாருக்கும் ஒரு கீறல் இல்ல. மனுஷனே தேவைப்படல!"

படத்தில் வெண்டலைக் காணோம். வெட்டி எறிந்திருக்கிறார்கள், பாவிகள். ஆனால் லாரிக்குப் பின்னால் மூன்று முக்கோணங்களும் வரிசையாக நின்றன.

எழுந்தேன். "அதை யாருய்யா வச்சது? லாரி இறங்கி வந்து வச்சுதா?"

பிராடி திரும்பித் திரையைப் பார்த்தான். "அது... நம்ம ஆள் ஒருத்தர்."

"ஆளுக்குப் பேரு இல்லையா? வாயில என்ன, கொழுக்கட்டையா?"

வெண்டல்தான் பேசினார். "விடும்மா. பிராடி, அது மூணும் என் சொந்தக் காசுல வாங்கினது. திருப்பிக் குடு."

"அதெல்லாம் அப்பவே தூக்கிப் போட்டிருப்பாங்க, வெண்டல். புதுசு வாங்கிக்கோயேன்."

"எதுக்கு?" என்று கேட்டார் வெண்டல். சாவியை மேசையில் எறிந்துவிட்டு வெளியே போனார்.