நடு அடுக்கு

மூட்டு வலிக்காரி அருவியின் முதல் அடுக்கோடு நின்றுவிட்டாள். "இதுக்கு மேல என்னால ஆகாது. நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க" என்று பாதையோரத்து உயரமான பாறையில் பையை இறக்கி வைத்தாள். தம்பி நாலடி முன்னால் போனதும், பிளம்பர் புருஷனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "எப்படியாவது அவனைச் சிரிக்க வச்சுக் கூட்டிட்டு வாங்க." கடையில் ஏதோ சாமான் வாங்கி வரச் சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

பிளம்பருக்கு அது தெரியாத வேலை. கசிவை நிறுத்து, அடைப்பை எடு என்றால் கண்ணை மூடிக்கொண்டு செய்வான். மச்சினன் கதை வேறு. பெண்டாட்டி பெட்டியைக் கட்டிக்கொண்டு போனதிலிருந்து அவன் பார்சல் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு, அக்கா வீட்டில் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தான். சோறு வைத்தால் தின்பான், வைக்காவிட்டால் கேட்க மாட்டான். தாயில்லாத அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் இவள். அவன் குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே நின்று, உள்ளே தண்ணீர் புழங்குகிற சத்தம் வருகிறதா என்று காதைக் கொடுத்துக்கொண்டு நிற்பாள். அந்தக் கொடுமையைப் பார்க்கச் சகிக்காமல்தான் பிளம்பர் இந்த மலைக்கு எல்லோரையும் கிளப்பிக்கொண்டு வந்தான்.

மூன்றடுக்கு அருவி என்று பேர்தான் பெத்த பேர். ஒவ்வொரு அடுக்கும் இரண்டு ஆள் உயரம் இருந்தால் அதிகம். முந்தின நாள் பெய்த மழையில் பாதை வழுக்கியது. வேர்களைப் பிடித்து ஏறியபடியே பிளம்பர் தனக்குத் தெரிந்த ஜோக்கையெல்லாம் சொல்லிப் பார்த்தான். எல்லாம் ஊசிப் போன ஜோக்குகள். மச்சினன் மரியாதைக்குக்கூட உதட்டை அசைக்கவில்லை.

நடு அடுக்குக்கு வந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது அருவி மெலிய ஆரம்பித்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நூலாகி, சொட்டாகி, சத்தமே அடங்கிவிட்டது.

"என்ன மாமா, தண்ணி நின்னுடுச்சு?"

இத்தனை மாதத்தில் அவனாக வாயைத் திறந்து கேட்ட முதல் கேள்வி! பிளம்பருக்குத் தலைகால் புரியவில்லை. "மாடி வீட்டுக்காரன் கேட்வால்வை மூடிட்டான் மாப்ள. எங்க போனாலும் இவனுங்களோட இதே ரோதனை. ஸ்பேனரோட போய் நிக்கட்டுமா?"

மச்சினன் சிரித்தான். முதலில் மூக்கால், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். அந்த அமைதியில் பாறை பாறையாக எதிரொலித்தது. சிரித்துக்கொண்டே, அருவி விழும் இடத்தில் தண்ணீர் வடிந்து கிடந்த குழியைக் காட்டி, "இறங்கலாமா மாமா?" என்றான்.

"தாராளமா எறங்கு. லைன்ல தண்ணியே இல்ல, அப்புறம் என்ன பயம்?"

வால்வு மூடியிருந்தால் குழாய்க்குள் கையை விடலாம். இத்தனை வருஷத் தொழில் அவனை அப்படித்தான் பழக்கியிருந்தது. நின்ற தண்ணீர் திரும்பி வருகையில் செருமிக்கொண்டு, சேறும் துருவுமாக முகத்தில் அடிக்கும் என்பதையும் அதே தொழில்தான் காட்டியிருந்தது. பாவி, அந்த நேரம் பார்த்து அது நினைவுக்கு வரவில்லை.

மேலே விழுந்து கிடந்த மரம் ஒன்று ஓடையை அடைத்திருக்கிறது. அது பிடுங்கிக்கொண்ட சத்தம் லாரி வருகிற மாதிரி கேட்டது. "மேல ஏறு! மாப்ள, ஏறுடா!" என்று கத்தினான். குழியின் நடுவில் நின்ற மச்சினன் அதையும் வேடிக்கை என்றே நினைத்தான். சிரித்த முகத்தோடுதான் திரும்பினான். பிளம்பர் நீட்டிய கையில் அவன் விரல்கள் பட்டன. அப்புறம் மண்ணும் கிளையுமாகச் செந்தண்ணீர் மட்டும்தான்.

எப்படி இறங்கினான் என்று பிளம்பருக்கே தெரியாது. முழங்கை தோல் உரிந்து தொங்கியது. வழியெல்லாம் பெயர் சொல்லிக் கத்தியதில் குரல் போய்விட்டது.

அவள் பாறைமேல் எழுந்து நின்றுகொண்டிருந்தாள். காலடியில் செந்தண்ணீர் இரைந்து போய்க்கொண்டிருந்தது. புருஷனின் கோலத்தை அவள் சரியாகப் பார்க்கவில்லை. அவன் தோளுக்குப் பின்னால், பாதை வளைவில், அடுத்த ஆளைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"சிரிச்சான்ல? இங்க வரைக்கும் கேட்டுச்சுங்க. நான் அழுதே போய்ட்டேன்" என்றாள், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு. "என்னங்க சொன்னீங்க அவன்கிட்ட?"