இரண்டு தொட்டி மணிப்பூ

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை. அவிநாசியில் என் எதிர்வீட்டுக்குக் குடிவந்த மருதாள் ஒரு மழைநாளில் சொன்னது. அதற்கு முன்பு அவர் வேலம்பாளையத்தில் நசீமாவுக்குப் பக்கத்து வீட்டில் இருந்தவர். அவர் பாதிதான் சொன்னார். மீதியை நசீமாவின் மனசுக்குள் நுழைந்து நான் எழுதப் பார்க்கிறேன். நசீமாவை நான் பார்த்ததுகூட இல்லை.

முதல் வாக்கியமே சண்டித்தனம் செய்தது. 'வேலம்பாளையத்தில் மணிப்பூ பூத்தது ஓர் அதிசயம்' என்று தொடங்கி, அடித்துவிட்டேன். அதிசயம் என்றுவிட்டால் நசீமா பட்ட பாடு ஒன்றுமில்லாமல் போகும்.

2

1991 கோடையில் நசீமா குன்னூரில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். தோட்டத்து ஓரத்தில் நீலநீலமாக, சின்ன மணிகளைப்போலத் தொங்கிக்கொண்டிருந்த பூக்களை விட்டு அவள் கண் நகரவில்லை. அக்கா ஒரு தூரை வேரோடு பெயர்த்து ஈரச்சாக்கில் சுற்றிக் கொடுத்தாள்.

"உங்கூர் வெக்கைக்கு இது தாங்குமான்னு தெரியல. காலை வெயில் மட்டும் படட்டும். வேர் குளுகுளுன்னு இருக்கோணும், ஆனா தண்ணி தேங்கக்கூடாது. வாடுன பூவைக் கிள்ளிக்கிட்டே இரு, மறுபடி பூக்கும்."

வீட்டுக்குக் கிழக்கே, கிணற்றை ஒட்டி நசீமா அதை நட்டாள். மண்ணோடு மணலும் மக்கிய சாணமும் கலந்தாள். வேர் சுடாதிருக்கத் தூரைச் சுற்றிக் கூழாங்கல் பரப்பினாள். உச்சி வெயிலுக்குப் பனியன் வேஸ்ட் துணியில் ஒரு பந்தல். முதல் வருஷம் இலையைத் தவிர ஒன்றுமில்லை.*

"கீரையா இது? கடைஞ்சு போட்டுறலாமா?" என்பான் அவள் கணவன் கைருதீன்.

மறு வருஷம் ஆடிக்காற்று அடிக்கும்போது பூத்தது. கைருதீன் வீட்டுக்குப் பின்னால் சாயப்பட்டறை வைத்திருந்தவன். குனிந்து வெகுநேரம் பார்த்தான். "இந்த நீலம் எனக்குத் துணியில விழ மாட்டேங்குது" என்றான். பனியன் துணியைத் தவிர வேறெதையும் அவன் அப்படிப் பார்த்து நசீமா கண்டதில்லை.

(இந்த இடத்தில் எனக்கு ஓர் ஆசை வந்தது. சாயத்தண்ணீரைக் குடித்துத்தான் பூ அவ்வளவு நீலமானது என்று எழுதலாம். படிக்க அழகாக இருக்கும். ஆனால் சாயத்தண்ணீர் பூவுக்கு நிறம் கொடுக்காது, இலையைக் கருக்கும். நடந்ததும் அதுதான்.)

* மணிப்பூ பல வருஷம் நிற்கும் செடி. பூ ஓய்ந்ததும் தண்டு காய்ந்து, தூர் தரையோடு படுத்துவிடும். செத்துவிட்டதென்று பிடுங்கி எறிபவர்கள் உண்டு. நசீமா எறியவில்லை.

3

அடுத்த வருஷம் ஏற்றுமதி ஆர்டர்கள் குவிந்தன. கைருதீன் பட்டறையைப் பெரிதாக்கினான். கழிவுத் தண்ணீரைப் பின்பக்கக் குழியில் விட்டான். அப்போது பலரும் செய்ததுதான்.

மணிப்பூவின் இலை ஓரங்கள் கருகத் தொடங்கின. வெயில் என்று நினைத்துப் பந்தலை இரட்டிப்பாக்கினாள் நசீமா. பூச்சி என்று நினைத்து வேப்பம்புண்ணாக்கு வைத்தாள். எதற்கும் கருகல் நிற்கவில்லை. கடைசியில் தூரை இரண்டாகப் பிரித்து இரண்டு பூந்தொட்டிகளில் வைத்தாள். ஒன்றுக்குக் கிணற்றுத் தண்ணீர், மற்றதற்குக் குழாய்த் தண்ணீர். குழாய்த் தண்ணீர் குடித்தது துளிர்விட்டது. மற்றதில் மண்ணின்மேல் உப்பு வெள்ளையாகப் படர்ந்து, செடி சுருண்டது.

நசீமா வீட்டில் குடிப்பது குழாய்த் தண்ணீர். மருதாள் வீட்டில் குழாய் இல்லை. அவர்கள் குடிக்க, சமைக்க எல்லாம் நசீமா வீட்டுக் கிணறுதான்.

4

கைருதீனைக் கெட்டவனாக்கி ஒரு பக்கம் எழுதினேன். மருதாளிடம் படித்துக் காட்டினேன்.

"பாய் அப்படிப்பட்டவரு இல்லீங்க. எங்க மாமியாருக்கு நெஞ்சுவலி வந்தப்ப வேலையைப் போட்டுட்டு ஆசுபத்திரிக்குத் தூக்கிட்டுப் போனது அவருதானுங்க."

கிழித்துவிட்டேன். நல்லவன் ஒருவன் இதைச் செய்தான் என்று எழுத வேண்டும். அது கடினம்.

நசீமா இரண்டு பூந்தொட்டிகளையும் அவன் முன்னால் கொண்டுவந்து வைத்தாள்.

"ஏனுங்க, பாத்தீங்களா?"

"செடிக்குக் குழாய்த் தண்ணியே ஊத்து. அவ்வளவுதானே."

"செடிக்கு ஊத்தறேனுங்க. மருதாள் ஊட்டுல என்னத்தைக் குடிப்பாங்க?"

அவன் செடியைப் பார்த்தான், அவளைப் பார்க்கவில்லை. "இந்த ஆர்டர் போகட்டும்" என்றான். அடுத்த ஆர்டருக்கும் இதைத்தான் சொல்வான் என்று நசீமாவுக்குத் தெரியும்.

மருதாளிடம் சொன்னால் கட்டிய கணவனைத் தெருவில் நிறுத்தியதாகும். சொல்லாமல் இருந்தாலோ—

(இந்த வாக்கியத்தை நசீமாவும் முடித்திருக்க மாட்டாள்.)

மறுநாள் மருதாள் குடத்தோடு வந்தபோது நசீமா கிணற்றுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"இதைக் குடிக்க வேண்டாம், மருதாளு." இரண்டு செடிகளையும் காட்டினாள்.

மருதாள் சுருண்ட இலையைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "பாய்க்குத் தெரியுமுங்களாக்கா?"

"தெரியும்."

5

அப்புறம் தெருவே வந்து வாசலில் நின்றது. பேச்சு தடித்தது. கைருதீன் பட்டறையை மூடினான். வேறொருவர் பட்டறைக்குச் சாய மாஸ்டராகப் போனான். நசீமாவோடு பல மாதம் பேசவில்லை. தட்டில் சோறு விழும், சாப்பிடுவான், எழுந்துபோவான். தான் செய்தது சரி என்பதில் அவளுக்குச் சந்தேகமில்லை. ஆனால் அது அந்த வீட்டின் மௌனத்தைக் கொஞ்சமும் குறைக்கவில்லை.

முடிவு ஒன்று: ஒரு காலையில் கைருதீன் மணிப்பூவுக்குத் தண்ணீர் ஊற்றுகிறான். நசீமா ஜன்னல் வழியே பார்க்கிறாள். படித்துக் காட்டியதும் மருதாள் சிரித்தார். "சினிமாவுங்களா?"

முடிவு இரண்டு: செடி பட்டுப்போகிறது. இதுவும் பொய். பிழைத்த தூரைப் பிரித்துப் பிரித்துப் பெருமாநல்லூர்வரை கொடுத்திருக்கிறாள் நசீமா.

மருதாள் சொன்ன முடிவு வேறு. பட்டறை மூடி வெகுநாள் கழித்துக் கைருதீன் அவர் வீட்டு வாசலுக்கு வந்தான். செருப்பைக் கழற்றினான், உள்ளே வரவில்லை. நின்றபடி ஏதோ சொன்னான்.

"என்ன சொன்னாருங்க?" என்றேன்.

"அது எனக்குச் சொன்னதுங்க. கதைக்குச் சொன்னதில்லீங்க."

ஆகவே அந்த வாக்கியம் என்னிடம் இல்லை. கைருதீனை இவ்வளவு தூரம் பார்த்துவிட்டீர்கள், நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நீளமாக இருந்திருக்காது என்று நினைக்கிறேன். அவன் சொல்லி முடித்ததும் மருதாள் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாராம். கைருதீன் வாசற்படியில் உட்கார்ந்து, சொம்பு காலியாகும்வரை குடித்தான்.